க மட்டும்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடுப்பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள்.

சவுண்ட் இன்ஜினியர் அவள் ஹெட்போனுக்குப் பேசும் பொத்தானை அழுத்தி, ஒரு நிமிஷம் அப்படியே இரும்மா என்று அவளிடம் சொல்லிவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பினார்.

அம்மா சுற்றி வளைக்கவில்லை. வெளிநாட்டுக் கச்சேரிக்கு அக்காவும் தங்கையும் மட்டும்தான். நடுவில் உள்ளவளை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா, நிற்காதா?

அவர் அவள் குரலை மட்டும் அணைத்து, முன்பு பதிந்ததை ஓடவிட்டார். அக்காவின் ச. தங்கையின் ப. இரண்டும் சுத்தம். ஆனாலும் காலிசெய்த வீடு மாதிரி இருந்தது.

"நிக்கும்மா. ஆனா மூணு சுரம் ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிச்சாத்தான் அது கார்ட். சந்தோஷமா துக்கமான்னு சொல்றதே நடுவுல இருக்கிற க தான். அது கொஞ்சம் இறங்கினா அழுகை, ஏறினா சிரிப்பு."

அம்மாவுக்குச் சங்கீதம் தெரியாது. காரியம் தெரியும். சும்மாவா மூன்று பெண்களையும் இத்தனை மேடை ஏற்றினாள்!

"அப்போ க இருக்கட்டும் தம்பி. அவ வேண்டாம்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் வழி தெரிந்தவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பாட்டில் அவள் பங்குக்கு வரும் சுரங்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பாடச் சொல்லிக் கீபோர்டில் ஏற்றிவிடலாம். மேடையில் தங்கை விரலால் அமுக்கினால் போதும்.

அம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. பாவம், பெண் மனசு நோகாமல் முடிந்தால் சரி. எதற்கென்று கேட்டால் குரல் பயிற்சி என்று சொல்லிக்கொள்ளலாம். நல்லவேளை, அவள் கேள்வி கேட்கும் ரகமும் இல்லை.

அவளிடம் விஷயத்தைச் சொல்ல அவர் பொத்தானுக்குக் கை நீட்டினார். அதற்குள் அவள் பாட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு சுரம். மூச்சு. அடுத்த சுரம். நீளமாக, ஆடாமல் அசையாமல், ஒவ்வொன்றாக.

அவர் அவசர அவசரமாகப் பதியத் தொடங்கினார்.

"பாத்தீங்களா, என் தங்கம்!" அம்மா பூரித்துப்போனாள்.

அவர் பொத்தானைப் பார்த்தார். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலில் அழுத்தியவர் அணைக்கவே இல்லை. இங்கே பேசியதெல்லாம் அவள் காதுக்குப் போயிருக்கிறது.

கடைசிச் சுரமும் முடிந்தது. அவள் மைக்கை விட்டு நகரவில்லை.

"பிளேன் டிக்கெட் மூணு வந்துச்சேம்மா. நாங்க மூணு பேர்தானே?"

மூன்றாவது டிக்கெட் அம்மாவின் கைப்பைக்குள், அம்மாவின் பெயரில் இருந்தது.

அம்மா எட்டி அந்தச் சிவப்பு விளக்கை அணைத்தாள்.

"கடைசியில பேசினாளே, அதை மட்டும் வெட்டிடுங்க தம்பி."