தங்க டப்பா மூன்கேக்

சீனாக்காரங்க அறுவடைத் திருநாளுக்கு மூன்கேக்னு ஒரு பலகாரம் செய்வாங்க. அதுல ஒண்ணு தங்கக்கலர் டப்பாக்குள்ள ஏறி உக்காந்துச்சு பாருங்க, அதுக்குத் தலகால் புரியல!

“அக்கா, திருநாள் நாளையோட முடியுது. உங்கள இன்னும் யாரும் சாப்பிடலயா?”ன்னு கேட்டுச்சு ஓர் எறும்பு.

“போடா! இதுவரைக்கும் ஏழு வீடு மாறிட்டேன். டப்பாவப் பாத்ததுமே, ‘இத நாம திங்கலாமா? பெரிய இடத்துக்குக் குடுக்கணும்’னு அனுப்பிருவாங்க, தெரியுமா?”

வாய்தான் அப்படிப் பேசுச்சு. யாருமே கடிக்காம போயிருவாங்களோன்னு உள்ளுக்குள்ள ஒரே உதறல்.

எட்டாவது வீட்டம்மா டப்பாவத் திறந்தாங்க. “அய்யோ, எவ்ளோ அழகு!”

மூன்கேக் பூரிச்சுப் போச்சு. அடுத்த நிமிஷம் அது குப்பைக்கூடைல கெடந்துச்சு, டப்பால ஊசியும் நூலும் குடியேறிருச்சு.

எறும்பு ஓடி வந்து, கஷ்டப்பட்டு ஒரு வாய் மென்னுச்சு.

“எப்படிடா இருக்கேன்?”

“அத விடுங்கக்கா. அந்த டப்பா எங்க கெடைக்கும்?”