ரெண்டாம் பரிசுக் காளை

அன்று அங்கே இருந்தவர்கள்: காளையை அவிழ்த்துவிட ஆனந்தன். ஓடி வருவதைப் பிடிக்க, கோட்டுக்கு அப்பால் கயிறோடு அவன் மனைவி தேவயானி. மைக்கில் ராஜேந்திரன். வேலியோரம் வேனை நிறுத்திவிட்டு அடிமாட்டு வியாபாரி கோவிந்தன். மற்றபடி ஆலங்காயம் சுற்றுவட்டார ஜனங்கள்.

காளை விடும் விழாவில் ஒவ்வொன்றாகத்தான் அவிழ்ப்பார்கள். குறைந்த நொடியில் கோட்டைத் தாண்டுவதற்கு முதல் பரிசு.

ஆனந்தனின் செவலை ஆறு வருடமாக ஓடுகிறது. இரண்டாவது வரும், மூன்றாவது வரும். முதலாவதாக வந்ததே இல்லை.

“கடைசியா, ஜவ்வாது மலை செவலை! ரெண்டாம் பரிசு அண்டாவை எடுத்து வைங்கப்பா, சொந்தக்காரரு வந்துட்டாரு!” என்றார் ராஜேந்திரன்.

கூட்டம் சிரித்தது.

கோவிந்தன் கிட்டே வந்தான். “இன்னா ஆனந்தா, பேச்சு பேச்சுதானே?”

“பேச்சுதான். ஜெயிச்சா வூட்டுக்கு ஓட்டினு போறேன். இல்லன்னா உன் வண்டியில ஏத்திக்கோ.”

“பொண்டாட்டிகிட்ட சொன்னியா?”

“சொல்லல. ராவெல்லாம் அழுவா. ஜெயிச்சுட்டா சொல்லவே வாணாம்.”

கூட்டத்தில் பக்கத்தில் நின்ற பழனிக்குப் பொறுக்கவில்லை. “வளர்த்த மாட்டை கறிக்கு அனுப்புறியே, நீயெல்லாம் மனுசனாய்யா?”

“வயசான மாட்டை ஓட்டத்துக்கு எவன்ணா வாங்குறான்? ஒரு வாட்டி ஜெயிச்சா போதும், சுத்துப்பட்டு பசுவெல்லாம் சேர்க்கைக்கு இதுகிட்டதான் ஓட்டினு வருவாங்க. தீனிக்காவது ஆவும். இல்லன்னா இன்னாத்தப் போட்டு நான் காப்பாத்துறது?”

சொல்லிவிட்டுச் செவலையின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டான். அவிழ்த்தான்.

செவலை பாய்ந்தது. இரண்டு பக்கமும் தட்ட வந்த கைகளுக்கு அகப்படவே இல்லை. ராஜேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“இன்னிக்கு அடிச்சுடும்டோய்!”

கோடு நெருங்கியது. செவலையின் வேகம் தளர்ந்தது. மெல்லக் கோட்டைத் தாண்டிப் போய், தேவயானியின் தோளில் மூக்கை வைத்தது.

“ரெண்டாவது!” என்றது மைக்.

“கோழை மாடு. கிட்ட வந்து பயந்துடுது பாரு,” என்று கூட்டம் கலைந்தது.

ஆனந்தனோடு கோவிந்தன் வந்து கயிற்றில் கை வைத்தபோதுதான் தேவயானிக்கு விஷயம் தெரிந்தது.

“ஏன்யா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“நீ தாங்க மாட்டன்னுதான்...”

கோவிந்தன் செவலையை வேனில் ஏற்றினான். கீழே இறங்கப் பார்த்து அது முரண்டு பிடித்தது. தேவயானி கையைத் தூக்கினாள். உடனே அசையாமல் நின்றது.

“முத்தம்மா வூட்டு மாடு ஜெயிச்ச அன்னிக்கே பந்தயக்காரனுங்க வெல பேசி ஓட்டினு போய்ட்டானுங்க. நம்பளதும் போய்டுமேன்னு பயந்துதான்யா... ஆறு வருசமா கோட்டுகிட்ட வர்றப்பல்லாம் இப்படித்தான் கையத் தூக்கி நிறுத்தினேன். இன்னிக்கும்.”

வேன் புறப்பட்டது. திடலில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர்.