நூற்றிருபது குதிரைகள் படுத்த இடம்

"நின்னுடிச்சா? போயும் போயும் இங்கியா?" அலர்மேல்மங்கை முகத்தைச் சுளித்தாள்.

நகரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பதிக்குக் கிளம்பிய, அவள் கணவரும் மேலத்தெருப் பெரிய மனிதருமான கோவர்த்தன முதலியாரின் சீமைக் கார், அதே ஊர்க் கீழத்தெரு முனிசாமி வீட்டுக் கல்யாணப் பந்தலுக்கு எதிரே கனைத்தது, இருமியது, படுத்துவிட்டது.

பந்தலுக்குள் முனிசாமிக்கு ஏற்கெனவே அழுகை முட்டிக்கொண்டிருந்தது. கூலிக்காரராய் இருந்தவர், காணி வாங்கிப் பயிர் வைத்த தைரியத்தில், மகள் கல்யாணத்துக்கு மேலத்தெரு முழுக்க வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தார். ஒருத்தரும் வரவில்லை. கீழத்தெருவில் அவர்கள் கை நனைக்கிற வழக்கமில்லை.

"உங்க ஊருல உனக்கு மருவாதி இவ்ளோதானா, சம்மந்தி?" காலி இலைகளைக் காட்டிக் கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா கிருஷ்ணப்பா.

முதலியார் பானெட்டைத் தூக்கிவைத்துப் பிரசங்கமே ஆரம்பித்துவிட்டார். "எட்டு சிலிண்டர்! நூத்தியிருவது குதிரை சக்தி! வெயில்ல பெட்ரோல் பைப்புக்குள்ளயே கொதிச்சி ஆவியாயிடும். ராஜ வம்சத்து எஞ்சின், அப்டித்தான்!"

"நூத்தியிருவது குதிரையும் ஒண்ணா படுத்துக்கிச்சா, சாமி?" என்றார் கிருஷ்ணப்பா. பந்தலே சிரித்தது.

டிரைவர் சிட்டிபாபு பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றினான். "ஆற ஒரு மணி நேரம் ஆவுங்க."

"பசியில உசிரு போவுது. எல்லாம் உங்க காரால வந்த வினை! வாங்க, இங்கியே சாப்டலாம்," என்று கணவரை விரட்டினாள் அலர்மேல்மங்கை.

முதலியார் மேலத்தெருவைப் பார்த்தார். வடை வாசனை வந்தது. மேலத்தெரு தோற்றது.

முனிசாமி ஓடிவந்து இலை போட்டார். முதலியார் பாயசத்தில் முழங்கை வரை இறங்கினார்.

'முதலியாரே துன்னுகினு இருக்காரு!' மாகாணம் பிரிக்கையில் கிளம்பிய, நம்ம ஊர் ஆந்திராவா மெட்ராஸா என்கிற வதந்திகூட அத்தனை வேகமாய்ப் பரவியதில்லை. மேலத்தெரு மொத்தமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. பந்திமேல் பந்தி. வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாற ஓடியவர் கிருஷ்ணப்பாதான்!

தாம்பூலத் தட்டோடு முனிசாமி காரருகே வந்தார். முதலியார் இன்னும் பந்தலுக்குள் யாரையோ பிடித்து வைத்து சிலிண்டர் மகிமை பேசிக்கொண்டிருந்தார்.

அலர்மேல்மங்கை டிரைவர் பக்கம் குனிந்தாள்.

"சிட்டிபாபு, மூடச் சொன்னேனே பெட்ரோல் குழா, இப்ப தொறந்து வுடு. ஐயாவுக்கு மட்டும் தெரிய வாணாம்."