ஒரு கட்டை

டெஸாவின் குரல் மூன்றாவது தடவையும் அதே இடத்தில் உடைந்தது.

பாட்டின் கடைசி அடியில் ஒரு சொல் உச்சத்துக்கு ஏறி, அங்கேயே எட்டு எண்ணிக்கை நிற்க வேண்டும். டெஸா நான்கில் கீழே வந்துவிட்டாள்.

"ஒரு கட்டை இறக்கிக்கலாமா, கார்சன்?"

"இந்தப் பாட்டு இந்தச் சுருதியிலதான். இன்னொரு தடவை."

கிதாரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

மாலை நான்கு மணி. ஏழு மணிக்குக் கச்சேரி. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் மண்டபம். சமையலறையில் இரண்டு பெண்கள் இரவு விருந்துக்குப் பெரோகிக் கொழுக்கட்டைகளை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் வதங்கும் வாசனை மேடைவரை வந்தது.

பன்னிரண்டு நாளில் இது ஒன்பதாவது ஊர். கனடாவின் சஸ்காச்சவன் மாகாணத்தில் ஊர்களுக்குப் பெயர்தான் வேறு. தானியக் கிடங்கு, ஹாக்கி அரங்கு, மண்டபம். அப்புறம் மறுபடியும் அறுத்து முடித்த வயல்.

வேனில் மூன்று பேர். கார்சன், டிரம்ஸ் வாசிக்கும் மைரன், ஆகஸ்டில் வந்து சேர்ந்த டெஸா.

போன வருடமும் இதே பாதைதான், மூன்று பேர்தான். டெஸாவின் இடத்தில் கொரீன் இருந்தாள்.

கொரீன் கார்சனின் மனைவி. ஜூன் மாதம் இறந்துபோனாள். இருபத்தொன்பது வயது.

இந்தப் பாட்டு அவளுடையது. இவர்கள் பாடி வானொலியில் வந்த ஒரே பாட்டும் இதுதான். அந்த எட்டு எண்ணிக்கையைக் கேட்கத்தான் ஜனங்கள் சரளைச் சாலையில் அறுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பாட்டுக்கு முன்னால் மைரன் ஒவ்வொரு ஊரிலும் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்வான்: அவள் பாடிய அதே சுருதி, கார்சன் அதை இன்னும் மாற்றவில்லை. மண்டபம் அடங்கிவிடும். ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள்.

அப்படிச் சொல் என்று கார்சன் சொன்னதில்லை. சொல்லாதே என்றும் சொன்னதில்லை.

நேற்றைய ஊரில், வாசலில் டிக்கெட் கிழித்த அம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு நாப்பது வருஷமா என் செருப்பு அளவுகூடத் தெரியாது, கண்ணு. நீ பொண்டாட்டியோட சுருதியையே காப்பாத்தி வெச்சிருக்கே."

நன்றி என்றான். வேறு எதையும்விட அது சொல்ல எளிது.

நான்காவது தடவை டெஸா உச்சத்தைத் தொடவேயில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

மைரன் குச்சிகளை மடியில் வைத்தான். "டேய், பாவம்டா அந்தப் பொண்ணு. அது தொண்டையைக் கழட்டி மேடையில வெச்சுட்டுப் போயிடுச்சுன்னா நாளைக்கு யாரு பாடுவா, நீயா? வயல்ல நிக்கிற மாடெல்லாம் வேலி தாண்டி ஓடிடும்."

யாரும் சிரிக்கவில்லை.

டெஸா ஒலிவாங்கியை அதன் தாங்கியில் மாட்டினாள். "நாலு நாளா காலையில எந்திரிச்சா குரலே வரல. மத்தியானத்துக்கு மேலதான் கொஞ்சம் வருது. இறக்குங்க, கார்சன். இல்லேன்னா எங்க அக்காவுக்கு ஃபோன் பண்றேன், வந்து கூட்டிட்டுப் போயிடுவா."

கார்சனின் விரல்கள் தந்திகள்மேல் அப்படியே நின்றன. ஒரு கட்டை. அவனுக்கு அது விரலைக் கொஞ்சம் நகர்த்துகிற வேலை. ஏழு மணிக்கு வரப்போகிறவர்களில் பத்துப் பேருக்குக்கூட வித்தியாசம் தெரியாது.

அவன் வாயைத் திறப்பதற்குள் மைரன் எழுந்து போய் டெஸாவின் தோளில் கை வைத்தான். மெதுவாகத்தான் பேசினான். காலி மண்டபத்தில் அது எல்லோருக்கும் கேட்டது.

"அவகிட்டேருந்து அவனுக்கு மிஞ்சினது இது ஒண்ணுதாம்மா."

டெஸாவின் முகம் சட்டென்று மாறியது. அவள் கார்சன் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க. நான் யோசிக்காமப் பேசிட்டேன். பாடறேன்."

மைரன் தாளத்தைத் தொடங்கினான். கார்சன் வாசித்தான், அதே சுருதியில். கடைசி அடியில் டெஸா கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, எப்படியோ எட்டுவரை நின்றாள். சமையலறையிலிருந்து இரண்டு பெண்களும் மாவுக் கையோடு வந்து தட்டினார்கள்.

டெஸா இருமிக்கொண்டே அவர்களுக்குத் தலை வணங்கினாள்.

சுருதியை இறக்கச் சொல்லிக் கொரீனும் கேட்டிருந்தாள். முதல் தடவை போன செப்டம்பரில், ஒரு பெட்ரோல் நிலையத்தில், தொண்டையைப் பிடித்துக்கொண்டு. அக்டோபரில் இன்னும் இரண்டு தடவை. ஒரு கட்டை போதும் என்றாள். ஜனங்கள் அதற்குத்தானே வருகிறார்கள் என்றான் கார்சன். வெந்நீர் குடி என்றான். சோம்பல் என்றுகூட ஒரு நாள் சொன்னான். அவள் கிறிஸ்துமஸ்வரை அதே சுருதியில் பாடினாள்.

ஜனவரியில்தான் மருத்துவர் அவள் தொண்டைக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, குரல் எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

கொரீன் ஒருமுறை கார்சனைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரமா" என்றாள்.

மருத்துவர் எழுதிக்கொண்டார். கார்சன் திருத்தவில்லை.