இரண்டாவது கலவை

மேசைமேல் மூன்று டப்பாக்கள் திறந்திருக்கின்றன. பைப் புகையிலை கலப்பவனுக்குக் கால் ஒரு நிலையில் நிற்கவில்லை. எதிரே அக்காள் புருஷன் பைப்பை வாயில் வைத்து நிதானமாக இழுக்கிறார். ஊரிலேயே பெரிய புகையிலைக் கடை அவருடையது. எட்டு வருஷமாக மைத்துனன் சரக்கைத் தன் கடைப்படி ஏற விட்டதில்லை. இன்றுதான் மனம் இறங்கி வந்திருக்கிறார். முதல் கலவைக்கு, "காய்ஞ்ச வைக்கோல்" என்று உதட்டைச் சுழித்தாயிற்று. இப்போது இரண்டாவது. ஜன்னல் வெயிலில் புகை நீலமாய்ச் சுருண்டு ஏறுகிறது. அவர் கண்ணை மூடுகிறார். இவன் தீப்பெட்டியைத் திறக்கிறான், மூடுகிறான், மறுபடி திறக்கிறான். "காலை ஆட்டாதே மாப்ள, மேசை ஆடுது. இதை எங்கடா இத்தனை நாள் ஒளிச்சு வச்சிருந்தே?" இவனுக்கு வாயெல்லாம் பல். அப்போதுதான் கண்ணில் படுகிறது: இரண்டாவது கலவைக்கென்று துடைத்து வைத்த பைப் ஓரத்தில் அப்படியே கிடக்கிறது. பதற்றத்தில் முதல் கலவை எரிந்த பைப்பையே, உள்ளே ஒட்டிய கரியைச் சுரண்டாமல் நிரப்பிக் கொடுத்துவிட்டான். பழைய கரியும் புது இலையும் சேர்ந்து எரியும் இந்த ருசி எந்த டப்பாவிலும் இல்லை. "நாளைக்கே கடையில வைக்கிறேன். ஆனா இதே ருசி இருக்கணும், பாத்துக்க." "அச்சு அசலா இதேதான் மாமா" என்கிறான். பார்வை அவர் வாயிலிருக்கும் பைப்பை விட்டு நகரவில்லை. உள்ளே கிடந்த கரி எத்தனை சிட்டிகை இருக்கும்?