அறுபது அடி ஒயர்

"ரெண்டு பெட்டியும் ஒரே தரமா இருக்கணும்னு யாருய்யா சட்டம் போட்டது?" என்றார் வேதசிரோமணி.

தாம்பரத்தில் ஸ்பீக்கர் பெட்டி செய்து விற்கும் தனசிங்குக்கு அலுத்துவிட்டது. மனிதர் கடைக்கு வந்து ஒரு மணி நேரமாகிறது. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பழைய யூனியன்காரர். பேரம் பேசுவதுகூட மேடையில் முழங்குவது போலத்தான்.

"ஸ்டீரியோன்னா அப்படித்தான் சார். பாட்டு ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு பெட்டியிலயும் வரும். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரே ரூம்ல எட்டடி தள்ளி வைக்கணும்."

"மஸ்கட்லேர்ந்து என் மகன் செட்டை மட்டும் அனுப்பினான். ஸ்பீக்கர் கனமாம், விட்டுட்டான். அவனும் வரலை. என்கிட்ட இருக்கிறது முந்நூறு ரூபா. அதுக்குள்ள ஒரு பெட்டி முதல் தரமா செய். மேஜையில வைக்கிறது வேணாம், தரையில நிக்கணும். கட்டில்ல படுத்திருக்கிறவன் காதுக்கு நேரா சத்தம் வரணும். இன்னொண்ணு மட்டமா இருந்தாலும் பரவாயில்லை."

"ஒயர் எத்தனை அடி சார்?"

"அறுபது."

தனசிங் பென்சிலைக் கீழே வைத்தான். "அவ்வளவு பெரிய வீடா சார்?"

"பக்கத்து வீட்டுக்குக் கேக்கணும். பட்டாபிராமன்னு ஒரு கருங்காலி. எழுபத்து நாலு ஸ்டிரைக்ல நாங்க ஜெயிலுக்குப் போனோம். அவன் டிபன் பாக்ஸைத் தூக்கிகிட்டு வேலைக்குப் போனான். அவனோட பேசறதில்லைன்னு பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுத் தீர்மானம் போட்டோம். அப்புறம் பத்துப் பேர் அவன் பெண் கல்யாணத்துல போய்ச் சாப்பிட்டானுங்க. இன்னிக்கு அந்தத் தீர்மானத்தைக் காப்பாத்தறவன் நான் ஒருத்தன்தான்."

தனசிங்குக்கு விளங்கிவிட்டது. அடுத்த வீட்டுக்காரனைத் தூங்கவிடாமல் அடிக்க ஒரு கிழவர் கையிலிருப்பதை எல்லாம் கொட்டுகிறார். இந்த வயசிலும் இவ்வளவு வன்மமா? வியாபாரமாயிற்றே என்று பென்சிலை எடுத்து அளவைக் குறித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டிகளை ட்ரைசைக்கிளில் ஏற்றிக்கொண்டு சிட்லபாக்கம் போனான். வீட்டில் ஒரு நாற்காலி, ஒரு தம்ளர், சுவரோரம் சுருட்டி வைத்த பாய். கட்டில் எங்கும் இல்லை.

"நல்ல பெட்டியை எங்கே வைக்கட்டும் சார்? ஜன்னலைப் பார்த்த மாதிரியா?"

"அதை இங்கே இறக்காதே. பக்கத்து வீட்டுல கொண்டுபோய் வை. ஒயரை மதில் மேல இழுத்துக்கோ."

தனசிங் பெட்டியோடு அங்கே போனான். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. கட்டிலில் கிடந்த பட்டாபிராமனுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டிருந்தது. மனைவி காலமாகிவிட்டாள், பெண் வடக்கே எங்கேயோ. தலைமாட்டில் ஊமையாகிப்போன ஒரு ரேடியோ. பெட்டியைக் கண்டதும் அவர் கண் மதில் பக்கம் போனது.

"சிரோமணியா?" என்று குழறினார்.

தனசிங் தலையாட்டினான். அவர் இடது கையை நீட்டிப் பெட்டியைத் தடவினார்.

ஒயரை மாட்டியதும் நாகஸ்வரம் எழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தனசிங் திரும்பி வந்து பார்த்தபோது, வேதசிரோமணி மட்டப் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து தவில் மட்டும் கேட்டது.

"சார், நாகஸ்வரம் பூரா அங்கே போயிடுச்சு. உங்களுக்கு வெறும் தவில்தான்."

"போகட்டும். அந்த ரேடியோ செத்து ஆறு மாசமாச்சு. அவனுக்கு நாகஸ்வரம்னா உயிரு."

"அப்போ இந்தப் பெட்டியையும் அங்கே வச்சிடறேன் சார். நீங்களும் பக்கத்துல உக்காந்து முழுசாக் கேக்கலாமே."

வேதசிரோமணி அவனை முறைத்தார்.

"கருங்காலியோட பேசறதில்லைன்னு தீர்மானம் இருக்குய்யா," என்றார். பிறகு தவில் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாட்டைப் பத்தி அதுல ஒண்ணும் எழுதலை."