எட்டு செகண்ட்

"அத்தான், கையை எடுங்க! வண்டியை விடுங்க!"

ஓட்டுபவர்கள் நிற்கும் மேடையிலிருந்து பேக்கரிக்காரர் போட்ட கத்தலில் ரிமோட் கார் கிளப்பே திரும்பிப் பார்த்தது.

கீழே மூன்றாவது வளைவில் அவருடைய கார் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார் மருந்துக்கடைக்காரர். வேறு யாருமில்லை, பேக்கரிக்காரரின் அக்கா புருஷன்தான்.

கிளப் வழக்கம் அப்படி. முதல் சுற்றில் ஓட்டியவர்கள் அடுத்த சுற்றில் வளைவுக்கு ஒருவராக நிற்க வேண்டும். கவிழ்கிற வண்டியை நிமிர்த்தி, ஓடும்படி விட வேண்டும். ரெண்டு செகண்ட் வேலை.

மருந்துக்கடைக்காரர் எட்டு செகண்ட் எடுத்தார்.

எடுக்க மாட்டாரா பின்னே? முதல் சுற்றில் ஐந்து நிமிஷத்துக்கு இருபத்திரண்டு ரவுண்டு அடித்து முன்னால் நிற்பவரே அவர்தான். அதை முறியடிக்கத்தான் மச்சினன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இதில் மானப் பிரச்சினை வேறு. கம்பெனி பேரைச் சொன்னால் சண்டை வரும், வேண்டாம். ஒரு கம்பெனி தன் காருக்கு ஸ்பிரிங், நட்டு எல்லாம் நீல நிறத்தில் போடும். இன்னொன்று ஆரஞ்சில் போடும். கிளப் மொத்தமும் இந்த ரெண்டு கட்சிதான். அத்தான் நீலம், பேக்கரிக்காரர் ஆரஞ்சு.

"ஆரஞ்சு ஓடினா சிறுத்தை. ஆனா ஓடணுமே!" என்பார்கள் நீலக் கட்சிக்காரர்கள்.

"உங்க வண்டி ஏன் கெடும்? வேகமாப் போனாத்தானே கெடும்!" என்பார்கள் இவர்கள்.

போன வருஷம் பாதிப் போட்டியில் பேக்கரிக்காரர் காரின் முன்சக்கரம் கழன்று தனியாக ஓடியது. அன்றிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் அதற்கு 'நொண்டி' என்று பேர். வீட்டுக்கு வந்தால்கூட அத்தான், "மாப்ளே, மூணு சக்கரமும் சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பேக்கரிக்காரர் இந்த வருஷம் சவால் விட்டிருந்தார். தோற்றவர் ஜெயித்தவருடைய கட்சி ஸ்டிக்கரை ஒரு வருஷம் தன் காரில் ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

ஒருவழியாகக் கார் கிளம்பியது.

"சொந்த மச்சினன்னுகூடப் பார்க்கலையே! அநியாயம்!"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், ஓட்டு மாப்ளே!" என்றது வளைவிலிருந்து குரல்.

வந்த ஆத்திரத்தை எல்லாம் பேக்கரிக்காரர் விரலில் இறக்கினார். பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்தார். முன்னால் போன ரெண்டு கார்களையும் உள்பக்கமாகப் புகுந்து தாண்டினார். ஒரு வளைவில் ரெண்டு சக்கரத்தில் போய், சுவரை உரசி, எப்படியோ கோட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"இருபத்திமூணு!" மைக் அலறியது.

ஆரஞ்சுக் கட்சிக்காரர்கள் விசிலடித்தே கூரையைப் பிய்த்தார்கள். ஒரு வருஷத்து அவமானம் போன இடம் தெரியவில்லை. மனுஷனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மருந்துக்கடைக்காரர் வந்து கை நீட்டினார்.

"உங்க கையை நீங்களே வச்சுக்குங்க அத்தான். எட்டு செகண்ட் பிடிச்சு வச்சும் ஜெயிச்சேன், பார்த்தீங்கல்ல?"

"அதான் ஜெயிச்சிட்டியே, அப்புறம் என்ன?" என்று சிரித்துவிட்டு, அவர் ஆரஞ்சு ஸ்டிக்கரைப் பிரித்துத் தன் நீலக் காரில் ஒட்ட உட்கார்ந்தார். முகத்தில் துளி வருத்தமில்லை. பேக்கரிக்காரருக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

தன் காரைக் கோப்பை மாதிரி தலைக்குமேல் தூக்கினார்.

"நொண்டின்னீங்களே, எல்லாரும் வந்து பாருங்கய்யா! நாலு சக்கரத்துல ஒரு நட்டாவது கழண்டிருக்கா? கம்பெனின்னா இதுதான்யா கம்பெனி!"

முன்னால் நின்ற ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணினார்.

"நாலும் இருக்கு. ஆனா முன்சக்கரத்துல ஒண்ணு மட்டும் நீலமா இருக்கே?"

பேக்கரிக்காரர் காரை இறக்கிப் பார்த்தார். அப்புறம் அத்தானைப் பார்த்தார்.

மருந்துக்கடைக்காரர் ஸ்டிக்கரைத் தேய்த்தபடியே சொன்னார்:

"அந்த அவசரத்துல ஆரஞ்சு நட்டுக்கு நான் எங்க மாப்ளே போவேன்? என் பையில இருந்தது அதுதான்."